1814-ஆம் ஆண்டின் மூன்றிலொரு தாலர்: ஒரு போலந்து வெள்ளிக்காசு கற்றுத் தந்தவை

என்னிடம் இருக்கும் காசில் 1814 என்று ஆண்டு போட்டிருக்கிறது. ஒரு பக்கம் பக்கவாட்டில் தெரியும் ஓர் ஆணின் தலை. சுற்றிலும் சுருக்கி எழுதிய லத்தீனில், ஃபிரெடெரிக் அகஸ்டஸ், சாக்சனியின் அரசர், வார்சாவின் டியூக் என்று பட்டங்கள். சாக்சனி அந்தக் காலத்து ஜெர்மன் நாடுகளில் ஒன்று. மறுபக்கம் கிரீடம் சூடிய கேடயம். அதில் சாக்சனியின் பட்டைகளும் போலந்தின் கழுகும் ஒன்றாகக் குடியிருக்கின்றன. மதிப்பு, மூன்றிலொரு தாலர். தாலர் என்பது அந்தக் காலத்துப் பெரிய வெள்ளிக்காசு. வார்சாவில் வேலை பார்க்க வந்த எனக்குப் பழங்காசுப் பைத்தியம் பிடித்தது இந்த ஒரு காசால்தான்.

அப்படி என்ன இருக்கிறது இதில் என்றால், அந்த ஆண்டுதான். 1814-இல் அந்த டியூக் வார்சாவில் இல்லை. அவருடைய ஆட்சியும் அங்கே இல்லை. நகரம் ரஷ்யப் படையின் கையில் இருந்தது. ஆனாலும் நாணயச்சாலை அவர் தலையையே அடித்துக்கொண்டிருந்தது. கடைக்காரர் காசைத் தட்டில் வைத்தபோது நான் விலையைக்கூடக் கேட்கவில்லை, "இது எப்படி?" என்றுதான் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "முதலில் இதைக் கேட்கிற ஆள் காசு வாங்காமல் போகமாட்டார்" என்றார். சரியாகத்தான் கணித்திருக்கிறார்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். 1795-இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து போலந்தில் மிச்சம் இருந்ததையும் பங்கு போட்டுக்கொண்டன. வார்சா பிரஷ்யாவின் பங்குக்குப் போனது. பதினோரு ஆண்டு கழித்து நெப்போலியன் பிரஷ்யாவை அடித்து நொறுக்கினார். 1807 ஜூலையில் டில்சிட் உடன்படிக்கை. அதில் பிரஷ்யாவிடமிருந்து பிடுங்கிய போலந்து நிலத்தை வைத்து ஒரு சிற்றரசு உருவானது. பெயர் வார்சா சிற்றரசு, அதை ஆள்பவரின் பட்டம் டியூக். போலந்து என்ற பெயரை வைத்தால் ரஷ்யப் பேரரசர் அலெக்சாந்தர் முகம் சுளிப்பார் என்பதால் அந்தப் பெயர் தவிர்க்கப்பட்டது. அதே மாதம் 22-ஆம் தேதி டிரெஸ்டனில் நெப்போலியன் அதற்கு ஓர் அரசியல் சாசனமும் எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆட்சிக்கு ஏன் சாக்சனிக்காரர்? மேலோட்டமாகப் பார்த்தால் எங்கிருந்தோ கொண்டுவந்து உட்கார வைத்த ஆள் மாதிரி தெரியும். அப்படி இல்லை. ஃபிரெடெரிக் அகஸ்டஸின் தாத்தா மூன்றாம் அகஸ்டஸ் போலந்தின் அரசராக இருந்தவர். 1791 மே 3-ஆம் தேதிச் சாசனமும் அடுத்த வாரிசாக ஃபிரெடெரிக் அகஸ்டஸையே குறித்திருந்தது. அப்போது அவர் ஏற்கவில்லை. நெப்போலியன் சொன்னபோது ஏற்க வேண்டியதாயிற்று. காசில் கழுகும் சாக்சனிப் பட்டைகளும் ஒரே கேடயத்தில் இருப்பதற்கு இவ்வளவு முன்கதை உண்டு.

1809-இல் ஆஸ்திரியாவோடு போர். அதில் கிராகோவ், லூப்லின், ஸாமோஷ்ச் எல்லாம் சிற்றரசோடு சேர்ந்தன. ஸாமோஷ்ச் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வரும். பிரஷ்யர்கள் மூடிப்போட்ட வார்சா நாணயச்சாலை 1810-இல் மறுபடி திறந்தது. செம்பில் ஒரு குரோஷும் மூன்று குரோஷும், வெள்ளி கொஞ்சமும் செம்பு மிகுதியுமாகக் கலந்த ஐந்து, பத்து குரோஷ்கள், வெள்ளியில் தாலரும் அதன் மூன்றிலொரு, ஆறிலொரு பங்குகளும், தங்கத்தில் டுக்காட் என்று ஒரு முழு வரிசையே வெளிவந்தது. கணக்கு எளிது: ஒரு தாலருக்கு ஆறு ஸ்வோத்தி, ஒரு ஸ்வோத்திக்கு முப்பது குரோஷ். ஆக என் காசு அந்தக் காலத்து இரண்டு ஸ்வோத்தி, அதாவது அறுபது குரோஷ். தாலர் கணக்கு பிரஷ்ய ஆட்சி விட்டுச்சென்றது, ஸ்வோத்தி கணக்கு அதற்கும் முந்தைய போலந்துடையது. இரண்டும் ஒரே சட்டைப்பையில் புழங்கின.

1812-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் போலந்து வீரர்கள் நெப்போலியனோடு ரஷ்யாவுக்குள் போனார்கள். திரும்பியவர்கள் சொற்பம். 1813 பிப்ரவரியில் ரஷ்யப் படை வார்சாவுக்குள் வந்துவிட்டது. அக்டோபரில் லைப்சிக் போர். போலந்துப் படைத் தளபதி யூசெஃப் பொனியாதோவ்ஸ்கி எல்ஸ்டர் ஆற்றைக் கடக்கும்போது மூழ்கி இறந்தார். டியூக் சிறைப்பட்டார். இத்தனைக்குப் பிறகும் 1814 என்று ஆண்டு போட்டு அவர் தலையோடு காசு வருகிறது. அந்த நிலத்தை என்ன செய்வது என்று 1815 வியன்னா மாநாடு முடிவெடுக்கும் வரை எல்லாமே தற்காலிகம்தான். புதிய அரசர் யார், சின்னம் எது என்று தெரியாதபோது புது அச்சு வெட்டுவதைவிட, கையில் இருக்கிற அச்சு மாதிரியைத் தொடர்வது சுலபம். சந்தைக்குக் காசு வேண்டும், படைக்கும் காசு வேண்டும். இப்படித்தான் இருந்திருக்கும் என்று நான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

இந்தக் கதையை இவ்வளவு நீட்டியதற்குக் காரணம் இருக்கிறது. பழங்காசு வாங்கும்போது ஏமாறாமல் இருக்க, பூதக்கண்ணாடியைவிட முதலில் உதவுவது இந்த மாதிரி விவரங்கள்தான். எந்த ஆண்டில் என்ன மதிப்புக் காசுகள் அடிக்கப்பட்டன, நாணயச்சாலைத் தலைவரின் முதலெழுத்து என்ன என்று தெரிந்தாலே பாதிப் போலிகள் கழன்றுவிடும். என் காசில் ஐ, பி (I, B) என்ற இரண்டு லத்தீன் எழுத்துகள் உண்டு. யாகூப் பெனிக் என்பவருடைய முதலெழுத்துகள் அவை. அவருக்கு முன் பொறுப்பில் இருந்த யான் ஸ்டோக்மான் காலத்துக் காசுகளில் ஐ, எஸ் என்று இருக்கும். 1814 காசில் ஐ, எஸ் கண்டால் பேச்சே வேண்டாம், கீழே வைத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

அடுத்தது எடை. மூன்றிலொரு தாலர் 8.6 கிராமை ஒட்டி இருக்கும். நல்ல தேய்மானம் கண்ட காசு சற்றுக் குறையும். கடையில் தராசு கேட்கக் கூச்சப்பட வேண்டாம், எல்லாக் கடையிலும் வைத்திருக்கிறார்கள். ஆனால் எடை மட்டும் போதாது. வெள்ளியின் மாற்றுதான் இங்கே பலரைக் குழப்புகிறது. நம் ஊரில் கொலுசு வாங்கும்போது கடைக்காரர் "இது எண்பது டச், இது அறுபத்தைந்து டச்" என்பாரே, அந்தக் கணக்கில் இது 62.5 டச் வெள்ளி. நூறு கிராமில் 62.5 கிராம்தான் வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு. முழுத் தாலரில் வெள்ளி இதைவிட அதிகம், ஆறிலொரு பங்கில் இதைவிடக் குறைவு. சிறிய காசுகளில் செம்பைக் கூட்டுவது அந்தக் காலத்து ஜெர்மன் நாடுகளில் சாதாரண வழக்கம். வெள்ளியைக் கூடுதலாக வைத்து மிகச் சிறியதாக அடித்தால் காசு கையில் நிற்காது. அடிக்கிற கூலியும் பெரிய காசுக்கும் சின்னக் காசுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான்.

இது தெரியாமல் வீட்டில் அடர்த்தி பார்ப்பவர்கள் நல்ல காசையே போலி என்று முடிவு கட்டிவிடுவார்கள். சுத்த வெள்ளியின் அடர்த்தி 10.5-ஐ ஒட்டி இருக்கும் என்பது பள்ளிப்பாடம். 62.5 டச் வெள்ளி-செம்புக் கலவைக்குக் கணக்குப் போட்டால் 9.86 வருகிறது. செய்து பார்ப்பது எளிது. நூறில் ஒரு பங்கு கிராம் காட்டும் சின்னத் தராசு, ஒரு கண்ணாடிக் குவளை, தையல் நூல். குவளையில் காய்ச்சி வடித்த நீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்கிவிடுங்கள். காசை நூலில் கட்டி, அடியிலும் பக்கத்திலும் படாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். தராசு காட்டும் எண்தான் காசின் கனஅளவு. 8.6 கிராம் காசுக்கு அது 0.87 என்று வர வேண்டும். உயர்ந்த 92.5 வெள்ளி என்றால் 0.83 வரும். வெள்ளியே இல்லாத செம்பு-நிக்கல் என்றால் 0.97 பக்கம் போகும். காசில் ஒட்டும் காற்றுக்குமிழ்களைத் தட்டிவிட மறக்க வேண்டாம். இவ்வளவு சிறிய காசில் ஒரு குமிழே கணக்கைக் கெடுத்துவிடும். பிறகு துணியால் தேய்க்காமல், மெல்லிய தாளில் ஒற்றி எடுத்துக் காயவிட வேண்டும்.

என் காசுக்கு 0.87 வந்தது. ஆனால் அதற்கு முன்பே, கடையிலேயே, ஒரு விஷயத்தைப் பார்த்து நான் தயங்கியிருந்தேன். கேடயத்தின் குறுக்கே நாலைந்து மெல்லிய கோடுகள், சீப்பால் வாரியது போல ஒரே திசையில். யாரோ அரம் வைத்துக் கீறியதாகத்தான் தெரிந்தது. கடைக்காரர் உருப்பெருக்கியைக் கையில் கொடுத்து, "கோடு எழுத்தின் மேல் போகிறதா, கீழ் போகிறதா, பாருங்கள்" என்றார்.

பார்த்தேன். கோடுகள் கழுகின் இறகு போன்ற புடைப்பான இடங்களில் தெரிந்து, இடையே இருக்கும் சமதளத்தில் மறைந்து, அடுத்த புடைப்பில் மறுபடி தொடர்ந்தன. அப்புறம்தான் விளங்கியது. காசு அடிப்பதற்கு முன் வெற்று வில்லைகளை எடை போடுவார்கள். எடை கூடியிருந்தால் அரத்தால் ராவிக் குறைப்பார்கள். அதன் மேல் அச்சு இறங்கும்போது பெரும்பாலான கோடுகள் நசுங்கி மறைந்துவிடும். உலோகம் அச்சின் குழிக்குள் முழுக்க ஏறாத இடங்களில் மட்டும் தங்கிவிடும். ஆகவே இது நாணயச்சாலைக்காரர் போட்ட கோடு, காசு பிறப்பதற்கு முன்பே விழுந்தது. பிற்காலத்தில் விழுந்த கீறல் என்றால் எழுத்து, சமதளம் இரண்டையும் சேர்த்து வெட்டிக்கொண்டு போகும். ஓரத்தில் உலோகம் சற்றே தூக்கி நிற்கும், நகத்தால் தடவினால் தட்டுப்படும். போலந்து விற்பனையாளர்கள் இந்த அரக்கோடுகளை யுஸ்துனெக் என்பார்கள். விவரக் குறிப்பில் இந்தச் சொல் இருந்தால் பயப்பட வேண்டாம். சிற்றரசுக் காசுகளில் இது சர்வசாதாரணம். விலை கொஞ்சம் குறையவும் கூடும், வாங்குபவருக்கு அது நல்லதுதானே? எனக்கு இந்தக் கோடுகள் அழகாகவே படுகின்றன. எந்தக் கோடும் இல்லாத பளபளப்பான காசில் யாரோ ஒருவர் தராசும் அரமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது தெரியாது.

பளபளப்பு என்றதும் அம்மா நினைவுக்கு வருகிறார். வீடியோ அழைப்பில் காசைக் காட்டினேன். "என்னடா இவ்ளோ கறுத்துக் கெடக்கு? கொஞ்சம் விபூதி போட்டுத் தேய்ச்சா பளிச்சுன்னு ஆயிடுமே" என்றார். வெள்ளிக் குத்துவிளக்குக்கு அது சரியான வைத்தியம்தான். "அம்மா, தேய்ச்சா பாதி விலை போயிடும்" என்றேன். "கறுப்புக்கா காசு குடுத்த?" என்று கேட்டுவிட்டுப் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டார்.

உண்மையில் கறுப்புக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன். இருநூறு ஆண்டில் வெள்ளியின் மேல் படியும் மெல்லிய படலம் அந்தப் பரப்பைத் தொடாமல் விட்டதற்கான சாட்சி. விபூதியோ பற்பசையோ சமையல் சோடாவோ போட்டுத் தேய்த்தால் படலம் மட்டும் போகாது. அச்சு இறங்கியபோது உண்டான மேற்பரப்பே மயிரிழைக் கீறல்களாகச் சிதைந்துவிடும். இதைத் திரும்பக் கொண்டுவர வழியே கிடையாது. தேய்த்த காசைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒற்றை விளக்கின் கீழ் காசைச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். நல்ல காசில் ஒளி ஒரு சக்கரம் போலச் சுழலும், அல்லது தேய்ந்த காசென்றால் மங்கலாக, ஒரே சீராக இருக்கும். தேய்த்த காசில் எங்கு திருப்பினாலும் ஒரே மாதிரிப் பாத்திர மினுமினுப்பு. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். குறைந்த மாற்று வெள்ளியை அமிலத்தில் முக்கினால் மேலே இருக்கும் செம்பு கரைந்து காசு வெளிறிப்போய் உயிரில்லாமல் நிற்கும். அப்படி ஒன்றை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஒருவர் "அடித்த நாளிலிருந்து யாரும் தொடாதது" என்று சொல்லி என்னிடம் நீட்டினார். சூரிய வெளிச்சத்தில் ஒருமுறை திருப்பியதும் போதும் என்றாகிவிட்டது. அவர் சொன்ன விலைக்கு நல்ல கடையில் இரண்டு நடுத்தரக் காசு வாங்கலாம்.

நடுத்தரக் காசு என்று சொல்வதில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. போலந்தில் காசின் நிலையை ரோமன் எண்ணில் சொல்வார்கள். ஒன்று என்றால் புதுசு போல. இரண்டு, மூன்று என்று இறங்கிக்கொண்டே போகும். கூட்டல், கழித்தல் குறிகளும் பக்கத்தில் வரும். ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே விலை மடங்குகளில் எகிறும். அந்த எகிறும் இடத்தில்தான் தேய்த்ததும் திருத்தியதும் போலியும் அதிகம் நடமாடும். மூன்று என்ற எண்ணோடு கூட்டல் குறி போட்ட, தேய்ந்தும் தெளிவாகவும் இருக்கிற காசை ஏமாற்றுவதற்காக யாரும் மெனக்கெட மாட்டார்கள். முதல் காசு வாங்குகிறவருக்கு அதுவே சரி. பணக்கார நண்பர் ஒருவர் எடுத்த எடுப்பில் முழுத் தாலரே வேண்டும் என்று கிளம்பினார். 1811, 1812 என்று ஆண்டு போட்ட தாலர்கள் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண் பழகுவதற்கு முன் அந்தத் தொகையைப் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை, அவரிடமும் சொன்னேன். கேட்டாரா என்பது வேறு விஷயம்.

ஏலத்தில் வாங்குவதாக இருந்தால் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏலக்கூடத்தின் கட்டணம் சேரும் என்பதை மனதில் வைத்தே கை தூக்க வேண்டும். பொதுவாக 15 முதல் 20 சதவீதம். குறிப்பில் சிஷ்சோனா என்ற சொல் வந்தால் தேய்த்துச் சுத்தம் செய்த காசு. ஸவியெஷ்கா என்ற சொல் தலைகாட்டினால் ஒருகாலத்தில் வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் தொங்கிய காசு, தலைக்கு மேலே விளிம்பில் பற்றவைப்பின் தடம் இருக்கும். துளை போட்டுப் பிறகு அடைத்த காசுகளும் உண்டு. அடைத்த இடத்தில் எழுத்தின் வடிவம் பக்கத்து எழுத்தோடு ஒட்டாமல் தனித்துத் தெரியும். ஒவ்வொரு வகைக்கும் பிளாகே எண் என்று ஒன்று சொல்வார்கள். கரோல் பிளாகே என்ற பழைய நாணய அறிஞர் இட்ட வரிசை எண் அது. விற்பனைக் குறிப்பில் அந்த எண் இருந்தால், பழைய ஏலப் படங்களில் அதே எண்ணைத் தேடி ஒப்பிடலாம்.

இந்த ஒப்பிடுதல்தான் நான் கற்றதிலேயே மிகவும் பயன்பட்டது. பெரிய ஏலக்கூடங்களின் பழைய விற்பனைப் படங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. வாங்க நினைக்கும் காசின் வகையில் இருபது, முப்பது படங்களைத் திரையில் அடுக்கிப் பாருங்கள். முகவாய்க் கோடு, எழுத்துகளின் இடைவெளி, ஆண்டின் நான்கு எண்களும் விளிம்பிலிருந்து நிற்கும் தூரம் எல்லாம் கண்ணில் பதிந்துவிடும். அப்புறம் போலியைப் பார்த்தால் ஏன் என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ இடிக்கும். இன்னொன்று, இரண்டு வேறு காசுகளில் ஒரே இடத்தில் ஒரே மாதிரிக் குழிவான வடு இருந்தால் இரண்டில் ஒன்றாவது போலி. அச்சில் இருந்த குறை பெரும்பாலும் புடைப்பாகத்தான் வரும். குழியான அடி, புழக்கத்தில் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியாக விழுவது. அதே அடி இரண்டாவது காசிலும் அதே இடத்தில் இருக்கிறது என்றால் ஒரு தாய்க்காசிலிருந்து அச்செடுத்து வார்த்திருக்கிறார்கள். வார்ப்புப் போலியில் எழுத்து முனைகள் மழுங்கி, சமதளத்தில் பொடிப்பொடியான புள்ளிகளும் தெரியும்.

போலி என்ற பேச்சு வந்ததால் ஸாமோஷ்ச்சுக்கு வருகிறேன். கிழக்கு போலந்தில் இருக்கும் ஊர். 1580-இல் யான் ஸமோய்ஸ்கி என்ற பிரபு, இத்தாலியின் பதுவாவைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் பெர்னார்தோ மொராந்தோவை வைத்து ஒரே திட்டத்தில் கட்டத் தொடங்கிய கோட்டை நகரம். 1992 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. 1813-இல் வார்சா விழுந்த பிறகும் இந்தக் கோட்டை விழவில்லை. தளபதி மௌரிசி ஹௌகே நவம்பர் வரை தாக்குப்பிடித்தார். வெளியிலிருந்து பணம் வர வழியில்லை, வீரர்களுக்குச் சம்பளம் கொடுத்தாக வேண்டும். கோட்டைக்குள் கிடைத்த வெள்ளியை உருக்கி இரண்டு ஸ்வோத்திக் காசு அடித்தார்கள். செம்பில் ஆறு குரோஷும் அடித்தார்கள். அரசர் தலை கிடையாது, கழுகு கிடையாது. ஒரு பக்கம் "ஸாமோஷ்ச் முற்றுகையில் பணம்" என்று எழுத்து. மறுபக்கம் மதிப்பைச் சுற்றி, தாய்நாட்டுக்கு உண்மையாக இருப்பவர்களுக்குக் கடவுள் துணை நிற்கட்டும் என்ற வேண்டுதல். வார்சாவில் லத்தீனில் பட்டங்கள் அடித்த அதே ஆண்டில் இங்கே போலிஷ் மொழியில் பிரார்த்தனை. என் மூன்றிலொரு தாலரும் இரண்டு ஸ்வோத்திதான், இதுவும் இரண்டு ஸ்வோத்திதான். ஒன்று பிடிபட்ட நகரத்தில் அடித்தது, மற்றது பிடிபட மறுத்த கோட்டைக்குள் அடித்தது.

ஹௌகே கதையின் மீதி விசித்திரமானது. கோட்டையைக் கடைசியில் ஒப்படைத்தவர், பிறகு ரஷ்யப் பேரரசருக்குக் கீழ் இருந்த போலந்து அரசில் துணைப் போர் அமைச்சரானார். 1830 நவம்பர் 29 இரவு வார்சாவில் கிளர்ச்சி வெடித்தபோது கிளர்ச்சிக்காரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவர் மகள் யூலியா ஹெஸ்ஸ நாட்டு இளவரசர் அலெக்சாந்தரை மணந்தார். அந்த வழி வந்தவர்கள்தான் பாட்டன்பர்க் குடும்பம். அவர்களில் பிரிட்டனில் இருந்தவர்கள் முதல் உலகப் போரில் அந்த ஜெர்மன் பெயரை மாற்றி மவுண்ட்பேட்டன் ஆனார்கள். ஆம், இந்தியாவின் கடைசி வைஸ்ராய் மவுண்ட்பேட்டன், இந்த முற்றுகைக் காசை அடித்த தளபதியின் கொள்ளுப்பேரன். ஸாமோஷ்ச் சந்தைச் சதுக்கத்தில், ஆர்மீனியர் வீடுகள் என்று அழைக்கப்படும் வண்ணவண்ண வீடுகளில் இருக்கும் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே உட்கார்ந்திருந்தபோது இதை யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்தில் 1947 படித்தபோது இந்த ஊர் இந்தக் கதைக்குள் வரும் என்று யார் நினைத்தார்கள்?

முற்றுகைக் காசை நான் வாங்கவில்லை. ஆசை இல்லாமல் இல்லை. கதை பெரியதாக இருக்கும் காசுக்குத்தான் நகல்களும் பெருகும். அச்சு வேலைப்பாடு முதலிலிருந்தே கரடுமுரடு என்பதால் "வேலை சரியில்லையே" என்ற சந்தேகத்தை வைத்து எதையும் தள்ளவும் முடியாது. இந்த மாதிரிக் காசைப் பழைய ஏலப் பதிவோ, பெயர் தெரிந்த பழைய சேகரிப்பின் சீட்டோ இல்லாமல் தொடக்கூடாது என்பது என் கட்டுப்பாடு. பார்க்க மட்டும் ஆசை என்றால் கிராகோவில் தேசிய அருங்காட்சியகத்தின் கிளையாக எமெரிக் ஹுட்டன்-சாப்ஸ்கி அருங்காட்சியகம் இருக்கிறது. போலந்து நாணயங்களுக்கென்றே உள்ள இடம். அசலை அங்கே நின்று நிதானமாகப் பார்த்தபின் சந்தையில் வருவது எதுவும் சட்டென்று கையை இழுக்காது.

சட்டம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இங்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் இதைக் கவனிப்பதில்லை. போலந்தில் உலோகம் காணும் கருவியோடு பழம்பொருள் தேடிக் கிளம்புவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. அனுமதியில்லாமல் தேடுவது 2018-இல் குற்றமாக்கப்பட்டது. "வயலில் கிடைத்தது, மண்ணைக்கூடத் துடைக்கவில்லை" என்று யாராவது காட்டினால் ஒதுங்கிவிடுங்கள். ரசீது தரும் கடை, பதிவுள்ள ஏலம், இந்த இரண்டைத் தவிர வேறு எங்கும் வெள்ளி வாங்க வேண்டாம். நூறு ஆண்டு தாண்டிய விலையுயர்ந்த சேகரிப்புகளை நாட்டைவிட்டு எடுத்துப்போவதற்கும் விதிமுறைகள் உண்டு. வாங்கும்போதே கடைக்காரரிடம் கேட்டு, பதிலை ரசீதோடு எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

ஊருக்குக் கொண்டுபோனால் வேறு ஒரு சிக்கல். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டு தாண்டிய நாணயம் தொல்பொருள் கணக்கில் வரும். தொல்பொருளைத் தனிநபர் நாட்டுக்கு வெளியே அனுப்ப முடியாது. பிறகு போலந்து ஏலத்தில் விற்கலாம், தரச்சான்றுக்கு வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்று நினைத்தால் மாட்டிக்கொள்வோம். இந்தக் காசை விரும்பி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறார்கள். அதனால் என்னுடையது வார்சாவிலேயே இருக்கிறது. அம்மாவுக்குப் படம்தான்.

காசை வைப்பதற்குப் பிவிசி பிளாஸ்டிக் உறைகளைத் தவிருங்கள். நாளடைவில் அதிலிருந்து கசியும் பொருள் பச்சைப் பசையாகப் படியும். செம்பு கூடுதலாக உள்ள இந்த வெள்ளியில் அது இன்னும் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். விட்டத்துக்குப் பொருத்தமான கெட்டி அக்ரிலிக் கூடு மலிவுதான். எடுக்கும்போது விளிம்பில் பிடிக்க வேண்டும், கீழே மெத்தென்று ஒரு துணி விரித்திருக்க வேண்டும். ரசீது, எடை, அடர்த்திக் கணக்கு, எடுத்த படங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு அதன் மேல் பிளாகே எண்ணை எழுதிவிடுவேன். நாளைக்கு விற்கப் போனாலும் சரி, பிள்ளைகள் கையில் போய்ச் சேர்ந்தாலும் சரி, அது இருந்தால் யாரும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

வெள்ளிக்குப் போகத் தயக்கமாக இருந்தால் அதே சிற்றரசின் செம்பு மூன்று குரோஷில் ஆரம்பிக்கலாம். 1810 முதல் 1814 வரை அடித்தது, ஏராளமாகக் கிடைக்கிறது, ஒரு நல்ல உணவகச் சாப்பாட்டுச் செலவுக்குள் சுமாரான ஒன்று வந்துவிடும். ஆண்டுக்கு ஒன்றாக ஐந்தையும் சேர்த்து வரிசையாக வைத்து, நாணயச்சாலை எழுத்துகள் எந்த ஆண்டில் மாறுகின்றன என்று பாருங்கள். அதற்குள் கண் பழகிவிடும். பிறகு மூன்றிலொரு தாலர் தட்டில் வந்தால் கடைக்காரர் சொல்வதற்கு முன்பே அரக்கோட்டை நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள்.